புது பைக்கா, கடன் போட்டு காரா? குருபரப்பள்ளிக்குத் தினமும் போய் வருகிறவருக்கு ஒரு பதில்

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியும். காவேரிப்பட்டணத்தை ஒட்டிய கிராமம், குருபரப்பள்ளி சிப்காட்டில் ஷிப்ட் வேலை, கைக்கு வருகிற சம்பளம் 34,000. வீட்டில் மனைவி, மூன்று வயதுப் பையன், மூட்டு வலியோடு அம்மா. பத்து வருடம் ஓடிய 100 சிசி வண்டி ஒன்று இருக்கிறது, சேமிப்பு 1.8 லட்சம். அதில் புது 125 சிசி பைக் எடுப்பதா, இல்லை அதையே முன்பணமாகக் கட்டி 5 லட்சம் கடன் போட்டுப் புது கார் எடுப்பதா? கம்பெனி பஸ் காவேரிப்பட்டணம் பைபாஸ் வரை வருகிறது, ஆனால் அதற்காக முக்கால் மணி நேரம் முன்னாலேயே கிளம்ப வேண்டியிருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

என் பதில், இரண்டும் வேண்டாம். புது பைக்கும் வேண்டாம், புது காரும் வேண்டாம். வேலைக்குக் கம்பெனி பஸ், ஊருக்குள் இருக்கிற பழைய வண்டியே, குடும்பத்துக்கு இரண்டரை லட்சத்துக்குள் ஒரு பழைய சின்ன கார். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்குக் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது, பொறுமையாகப் படியுங்கள்.

நான் வண்டி இன்சூரன்ஸ் சர்வேயர். விபத்தில் அடிபட்ட வண்டியைப் பார்த்து நஷ்டம் எவ்வளவு என்று கணக்குப் போட்டுக் கொடுப்பது தொழில். தொப்பூரிலிருந்து சூளகிரி வரை எந்த ஷெட்டில் எந்த வண்டி நிற்கிறது என்று தெரிந்துகொள்கிற வேலை அது. அதனால் பைக்கா காரா என்று யாராவது கேட்டால் மைலேஜ் எவ்வளவு என்பது எனக்கு அப்புறம்தான். முதலில் கேட்பது இரண்டு கேள்வி. ஒன்று, தினமும் எந்த ரோட்டில், எந்த நேரத்தில் போகிறீர்கள். இரண்டு, பின்னால் யார் உட்காருகிறார்கள். இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்துவிட்டால் எந்த வண்டி என்பது பெரும்பாலும் தானாகவே முடிவாகிவிடும்.

உங்கள் ரோடு என்.எச். 44. பெங்களூரிலிருந்து ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம் என்று போகிற ரோடு, வடக்கையும் தெற்கையும் இணைக்கிற லாரி மொத்தமும் இதில்தான் ஓடுகிறது. போதாததற்குக் கிருஷ்ணகிரியில் சென்னை ரோடும் வந்து சேர்கிறது. காவேரிப்பட்டணத்திலிருந்து குருபரப்பள்ளி ஏறக்குறைய 25 கி.மீ., போக வர 50. பகலில் சர்வீஸ் ரோடு இருக்கிற இடத்தில் சர்வீஸ் ரோட்டைப் பிடித்து, பாலம் வருகிற இடத்தில் மெயின் ரோட்டில் ஏறி, திரும்பவும் இறங்கி என்று எல்லோரும் ஓட்டுகிறார்கள். பகலில் அதை ஓட்டலாம், கவனமாக இருந்தால். இரண்டாம் ஷிப்ட் முடிந்து நடு ராத்திரியில் அதே ரோட்டில் வருகிறீர்களே, அதுதான் எனக்குப் பயம்.

காரணம் சொல்கிறேன். ராத்திரியில் இந்த ரோட்டில் பைக்குக்கு முதல் எதிரி வேகமாக வருகிற வண்டி இல்லை, நிற்கிற வண்டி. டயர் பஞ்சர், ஆக்சில் உடைந்தது, டிரைவர் தூங்குகிறார், டீ குடிக்க இறங்கினார் என்று இடது ஓரத்தில் லாரி நிற்கும். பின்னால் ரிஃப்ளெக்டர் மண் படிந்து தெரியாது, பார்க்கிங் லைட் எரியாது. பைக்கில் நீங்கள் 60 கி.மீ. வேகத்தில் வருகிறீர்கள் என்று வையுங்கள். நொடிக்கு 16 மீட்டருக்கு மேல் போகிறீர்கள். முன்னால் ஏதோ இருக்கிறது என்று மூளைக்குப் படவே ஒன்றிலிருந்து ஒன்றரை நொடி ஆகும், அதற்குள் 17 முதல் 25 மீட்டர் போய்விட்டது. அப்புறம் பிரேக் பிடித்து நிற்க இன்னொரு 20, 25 மீட்டர். ஆக மொத்தம் 40 மீட்டருக்கு மேல். உங்கள் பழைய வண்டியின் டிம் லைட் நன்றாக எரிந்தாலும் 30, 40 மீட்டர்தான் காட்டும். எதிரே ஒரு பஸ் ஹை பீம் போட்டு வந்தால் அதுவும் காட்டாது. எட்டு மணி நேரம் மெஷின் முன்னால் நின்றுவிட்டு வருகிற உடம்பு வேறு. இந்தக் கணக்கில் 125 சிசி புது வண்டி என்ன மாற்றம் செய்யும்? லைட் கொஞ்சம் பரவாயில்லை, டிஸ்க் பிரேக் கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் புது வண்டி என்பதால் 60ல் போகிறவர் 75ல் போவார். நான் பார்த்த வரையில் அதுதான் நடக்கிறது.

நாட்டுக் கணக்கும் இதையேதான் சொல்கிறது. 2022ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர், மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கு அது. அதில் 44.5 சதவீதம் பேர் இரு சக்கர வண்டியில் போனவர்கள். கார், டாக்சி, வேன் எல்லாம் சேர்த்து 12.5 சதவீதம். தமிழ்நாட்டில் மட்டும் அந்த வருடம் 17,884 பேர். நாட்டில் காரைவிட பைக் அதிகம், அதனால் எண்ணிக்கை அப்படித்தான் இருக்கும் என்று சிலர் சொல்வார்கள். சரி, இருக்கட்டும். ஆனால் இரண்டு வண்டியும் 50 கி.மீ. வேகத்தில் ஒரே மாதிரி இடித்தால் காரில் பம்பர், பானட், ரேடியேட்டர் போகும், அதை நான் ரூபாயில் எழுதிவிடுவேன். பைக்கில் வண்டிக்கு எட்டாயிரம், பத்தாயிரம் என்று எழுதுவேன், ஆள் ஆஸ்பத்திரியில் இருப்பார்.

தொப்பூர் கணவாய் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் தர்மபுரிப் பக்கம் இருந்து சேலத்துக்கு பைக்கில் போய் வருகிறவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் ஒரு வரி. தர்மபுரியிலிருந்து சேலம் போகும் பக்கம்தான் இறக்கம். சுமை ஏற்றிய லாரி இறக்கத்தில் கியரில் வராமல் நியூட்ரலில் விட்டு, பிரேக்கை மட்டும் நம்பி வந்தால் பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போகும், அப்புறம் முன்னால் இருக்கிற வண்டிகளில் மோதித்தான் நிற்கும். அங்கே பைக்கில் போகிறவர் லாரிக்கு முன்னால் இருக்கவே கூடாது. விட்டுவிட்டுப் பின்னால் போக வேண்டும், ஐந்து நிமிடம் தாமதமானாலும் பரவாயில்லை.

இனிப் பணக் கணக்குக்கு வருகிறேன், அதையும் கேட்டிருக்கிறீர்கள். மாதம் 26 நாள், நாளைக்கு 50 கி.மீ. என்றால் 1,300 கி.மீ. 125 சிசி வண்டி நெடுஞ்சாலையில் லிட்டருக்கு 50 கொடுக்கும் என்று வைத்தால் 26 லிட்டர், இப்போதைய விலைக்கு 2,600 ரூபாய் சுமார். ஆயில் மாற்றுவது, செயின் செட், பிரேக் ஷூ, டயர், இன்சூரன்ஸ் எல்லாவற்றையும் மாதத்துக்குப் பிரித்துப் போட்டால் 900, 1,000. மொத்தம் மூவாயிரத்து ஐந்நூறு, மூவாயிரத்து அறுநூறு. டோல்கேட்டில் பைக்குக்குக் கட்டணம் கிடையாது.

காருக்கு விளம்பரத்தில் போடுகிற மைலேஜை மறந்துவிடுங்கள், ஏசி போட்டு ஓட்டினால் சின்ன பெட்ரோல் கார் 16 கொடுத்தால் நல்ல வண்டி. 1,300 கி.மீ.க்கு 81 லிட்டர், எட்டாயிரத்துச் சொச்சம். நான்கு டயர் 40,000 கி.மீ. வரும், ஒரு டயர் 4,500 என்றால் அது மாதம் 600. சர்வீஸ் மாதம் 600. முழு இன்சூரன்ஸ் வருடத்துக்குப் பத்து, பன்னிரண்டாயிரம், மாதம் ஆயிரம். பெட்ரோலும் பராமரிப்பும் சேர்த்து 10,500 பக்கம் வந்துவிட்டது, இன்னும் கடனுக்கு வரவில்லை. 5 லட்சம் கடன், 9.5 சதவீத வட்டி, 5 வருடம் என்றால் மாத டியூ 10,500. மொத்தம் 21,000. சம்பளம் 34,000. மிச்சம் 13,000ல் நான்கு பேர் சாப்பிட்டு, பையனைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்து, அம்மாவுக்கு மருந்து வாங்கி எப்படி? ஷோரூமில் 7 வருடமாக நீட்டித் தருகிறோம், டியூ 8,200க்குள் வரும் என்பார்கள். வரும். ஆனால் 5 வருடத்தில் கட்டுகிற மொத்தம் 6.30 லட்சம், 7 வருடத்தில் 6.86 லட்சம். ஏழாவது வருடம் டயரும் பேட்டரியும் கிளட்சும் மாற்றிக்கொண்டே டியூவும் கட்டிக்கொண்டிருப்பீர்கள். அந்த நிலைமைக்கு வந்தவர்கள் முதலில் நிறுத்துவது எதைத் தெரியுமா? இன்சூரன்ஸை. டியூ கட்டாவிட்டால் வீட்டுக்கு ஆள் வருகிறார்கள், இன்சூரன்ஸ் கட்டாவிட்டால் யாரும் வருவதில்லை, அதனால்.

2025 செப்டம்பர் 22ல் இருந்து சின்ன கார்களுக்கும் 350 சிசி வரை பைக்குகளுக்கும் ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்தது உண்மைதான். விலை இறங்கியிருக்கிறதே, இதுதான் நேரம் என்று உங்கள் மச்சான் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். விலை இறங்கியது வாங்க முடிகிறவர்களுக்கு நல்லது. உங்கள் கணக்கை அது மாற்றவில்லை. புது கார் என்றால் அதற்கு மேல் தமிழ்நாட்டு ஆயுட்கால வரி இருக்கிறது, 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை உள்ள காருக்கு 13 சதவீதம், அது ரோட்டில் இறங்கிய அன்றே போன பணம். ஆனால் ஒரு நல்லது, புது கார் விலை இறங்கினால் பழைய காருக்கும் பழைய விலை சொல்ல முடியாது. பேரம் பேசும்போது அதைச் சொல்லிப் பேசுங்கள்.

டோல்கேட் பற்றியும் ஒன்று. கார்களுக்கு 3,000 ரூபாயில் வருடாந்திர பாஸ் 2025 ஆகஸ்ட் 15ல் வந்தது, 200 தடவை அல்லது ஒரு வருடம், எது முதலில் முடிகிறதோ அதுவரை. தினமும் ஒரே டோல்கேட்டைப் போக வர தாண்டுகிறவருக்கு மாதம் 52 தடவை ஆகிவிடும், நான்கு மாதம் கூடத் தாங்காது. டோல்கேட்டுக்கு 20 கி.மீ.க்குள் வீடு இருக்கிற சொந்த வண்டிக்காரர்களுக்குக் குறைந்த கட்டணத்தில் மாதாந்திர பாஸ் தனியாக இருக்கிறது, ஆதாரையும் ஆர்.சி.யையும் எடுத்துக்கொண்டு டோல்கேட் ஆபீசிலேயே கேளுங்கள். நிறையப் பேர் இது தெரியாமல் முழுக் காசு கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அப்படியானால் புது பைக் மட்டும் போதுமே என்று தோன்றும். இங்கேதான் இரண்டாவது கேள்வி, பின்னால் யார் உட்காருகிறார்கள். பையனை டேங்க் மேல் உட்கார வைத்து, பின்னால் மனைவி, அதற்கும் பின்னால் நெருக்கிக்கொண்டு அம்மா. கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு இப்படித்தான் போகிறோம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், படித்துவிட்டு எனக்கு மனசு கேட்கவில்லை தம்பி. டேங்க் மேல் இருக்கிற குழந்தைக்கு முன்னால் ஹேண்டில்பார் தவிர வேறு எதுவும் இல்லை. திடீர் பிரேக் பிடித்தால் உங்கள் உடம்பு முன்னால் போகும், நடுவில் குழந்தை. நான்கு வயதுக்குள் உள்ள குழந்தையைப் பெரியவரோடு சேர்த்துக் கட்டுகிற பெல்ட், அளவான ஹெல்மெட், 40 கி.மீ.க்கு மேல் வேகம் கூடாது என்று 2023 பிப்ரவரியிலிருந்து விதியே இருக்கிறது. பைக்கில் இரண்டு பேருக்கு மேல் போகக் கூடாது என்பது அதற்கும் முன்பிருந்தே இருக்கிற சட்டம். ஃபைனுக்காகச் சொல்லவில்லை. அம்மா மூட்டு வலியில் காலை ஃபுட்ரெஸ்ட்டில் வைக்க முடியாமல் தொங்கப் போட்டு வருவார், புடவை முந்தானை சக்கரத்துப் பக்கம் பறக்கும். சாரி கார்டு கழன்று விழுந்த வண்டிகள்தான் நம் ஊரில் பாதி. புது 125 சிசியில் இதில் எது சரியாகிவிடும்?

அதனால்தான் சொல்கிறேன், உங்களிடம் இருக்கிற ஆபத்து இரண்டு. ஒன்று ராத்திரியில் நெடுஞ்சாலையில் தனியாக பைக்கில் வருவது, இன்னொன்று நான்கு பேர் ஒரே பைக்கில் போவது. புது பைக் இரண்டையுமே தீர்க்காது. புது கார் இரண்டையும் தீர்க்கும், ஆனால் வீட்டைக் கடனில் தள்ளிவிட்டுத் தீர்க்கும். கம்பெனி பஸ் முதலாவதைச் செலவே இல்லாமல் தீர்க்கிறது, பழைய கார் இரண்டாவதைத் தீர்க்கிறது.

முக்கால் மணி நேரம் வீணாகிறது என்கிறீர்கள். பஸ்ஸில் அந்த நேரம் தூங்கலாம், பைக்கில் 25 கி.மீ. ஓட்டுகிறவருக்கு அதுவும் இல்லை. முதல் ஷிப்டுக்கு வேண்டுமானால் வாரத்தில் ஒன்றிரண்டு நாள் பைக்கில் போங்கள், பகலில், சர்வீஸ் ரோட்டில். இரண்டாம் ஷிப்டுக்கும் மூன்றாம் ஷிப்டுக்கும் பஸ்தான், அதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். ஓவர்டைம் பார்த்து பஸ்ஸை விட்டுவிட்டால் கிருஷ்ணகிரி வரை பஸ் பிடித்து அங்கிருந்து ஊர்ப் பக்கம் வருகிற பஸ்ஸைப் பிடியுங்கள். ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம் என்று இந்த ரோட்டில் ராத்திரி முழுக்க பஸ் ஓடுகிறது, பல மாவட்டங்களில் இந்த வசதி கிடையாது.

பழைய வண்டியை என்ன செய்வது? விற்காதீர்கள், பத்து வருட 100 சிசிக்கு இருபது, இருபத்தைந்தாயிரம் கிடைத்தால் பெரிது, அதே வண்டி உங்களுக்கு இன்னும் ஐந்து வருடம் உழைக்கும். இரண்டு டயர், பிரேக் ஷூ, செயின் செட், கேபிள்கள், ஹெட்லைட் ஹோல்டரும் வயரிங்கும், சாரி கார்டு. பத்தாயிரம் கொடுத்தால் ஷெட்டில் எல்லாம் செய்து கொடுப்பார்கள். கிராமத்திலிருந்து பைபாஸ் வரை, பால் சொசைட்டி, மாந்தோப்பு, ரேஷன் கடை, சந்தை, இதற்கெல்லாம் நம் பக்கத்தில் பைக்குக்கு ஈடு எதுவும் கிடையாது. வரப்பு மேல் கார் போகாது, காவேரிப்பட்டணம் கடைவீதியில் கார் நிறுத்த இடமும் கிடைக்காது. ஹெல்மெட் மட்டும் ஐஎஸ்ஐ முத்திரை உள்ளதாக, பின்னால் உட்காருகிறவருக்கும் சேர்த்து இரண்டு வாங்குங்கள். கொக்கியை மாட்டாமல் தலையில் வைத்துப் போவதும் ஹெல்மெட் இல்லாமல் போவதும் ஒன்றுதான், விழும்போது ஹெல்மெட் தனியாகப் பறந்துவிடும்.

அந்த வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். 2018 செப்டம்பருக்கு அப்புறம் வாங்கிய வண்டிகளுக்கு 5 வருட தேர்ட் பார்ட்டி, அதாவது நம் வண்டியால் அடுத்தவருக்கு ஆகிற நஷ்டத்துக்கான இன்சூரன்ஸ், சேர்த்தே வந்தது, அது முடிந்ததே தெரியாமல் ஓட்டுகிறவர்கள் ஏராளம். உங்களுடையது அதற்கும் முந்தைய வண்டி, வருடா வருடம் கட்ட வேண்டியது. 75லிருந்து 150 சிசி வரை தேர்ட் பார்ட்டி பிரீமியம் வருடம் 714 ரூபாய், 2022 ஜூனில் நிர்ணயித்தது, அதற்கு மேல் ஜிஎஸ்டி. ஆனால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள், இதை நான் எத்தனை குடும்பத்துக்கு விபத்து நடந்த பிறகு விளக்கியிருக்கிறேன் என்று சொல்ல முடியாது. தேர்ட் பார்ட்டி மட்டும் போட்ட பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்தவருக்கு அடிபட்டால் அந்தப் பாலிசியில் நஷ்ட ஈடு கிடைக்காது. உச்ச நீதிமன்றம் 2006லேயே அப்படித் தீர்ப்புச் சொல்லிவிட்டது. முழு பாலிசி, அதாவது பேக்கேஜ் பாலிசி இருந்தால்தான் பின்னால் இருப்பவருக்குப் பொறுப்பு உண்டு. மனைவியை ஏற்றிக்கொண்டு போகிற வண்டிக்குப் பேக்கேஜ் பாலிசி போடுங்கள், வருடத்துக்கு ஓர் ஆயிரம் கூட ஆகும், அவ்வளவுதான். சொந்தக்காரர் ஓட்டும்போது அவருக்கான 15 லட்சம் தனிநபர் விபத்துக் காப்பீட்டையும் சேர்த்துப் போடுங்கள், ஏஜென்ட் வேண்டாம் என்றாலும் கேட்டு வாங்குங்கள். லைசென்ஸ் காலாவதியாகியிருந்தால் அந்த 15 லட்சம் வராது.

அப்புறம் கார். 1.8 லட்சத்தில் வண்டிக்குப் பத்தாயிரம் போக மிச்சத்தோடு ஐம்பது, அறுபதாயிரம் சேர்த்தால், அது ஒரு சீட்டு எடுத்தாலும் சரி நகைக் கடன் வைத்தாலும் சரி, ஒரு வருடத்தில் அடைக்கக்கூடிய கடன், இரண்டேகால் லட்சத்தில் ஆல்டோ, வேகன் ஆர், ஐ10 மாதிரி ஒரு பெட்ரோல் வண்டி வாங்கலாம். 2014, 2015 மாடல் பாருங்கள். ஆர்.சி. 15 வருடம் செல்லும் என்பதால் இன்னும் மூன்று, நான்கு வருடம் தொந்தரவு இல்லை, அதன் பிறகு எஃப்.சி. காட்டிப் புதுப்பிக்கலாம். டீசல் வேண்டாம், மாதம் 200, 300 கி.மீ. ஓட்டுகிறவருக்கு டீசல் கார் லாபமே இல்லை, இன்ஜெக்டர் ஒன்று போனால் வருடச் சேமிப்பு போய்விடும்.

இந்த விலைக்கு வருகிற கார்களில் பெரும்பாலும் ஏர்பேக் இருக்காது, டிரைவர் ஏர்பேக்கும், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற ஏபிஎஸ்ஸும் எல்லாக் கார்களிலும் கட்டாயமானது 2019லதான். டாப் மாடலாகப் பார்த்தால் சில வண்டிகளில் இருக்கும், பத்தாயிரம் கூடக் கேட்டாலும் அதை எடுங்கள். இல்லாத வண்டி என்றால் 80க்கு மேல் போகாதீர்கள். பின் சீட்டிலும் பெல்ட் போடச் சொல்லுங்கள், பையனை மடியில் வைத்துக்கொள்வது வேண்டாம், குழந்தை சீட் ஒன்று வாங்கிப் பின்னால் பொருத்துங்கள்.

எங்கே வாங்குவது என்பதில் நம் பக்கத்துக்கென்றே ஒரு வலை இருக்கிறது. பெங்களூர் பக்கத்தில் இருப்பதால் கே.ஏ. நம்பர், அதாவது கர்நாடகத்தில் பதிவான வண்டி நாற்பது, ஐம்பதாயிரம் குறைத்துக் கிடைக்கும். ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் வருடக்கணக்காக கே.ஏ. நம்பரிலேயே ஓட்டுகிறவர்களைப் பார்த்து, நாமும் அப்படியே ஓட்டிவிடலாம் என்று நினைப்பீர்கள். 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் நம்பர் மாற்றியே ஆக வேண்டும். அதற்கு அங்கே தடையில்லாச் சான்று (என்.ஓ.சி.), கடன் இருந்தால் பேங்க்கிடம் ரத்துக் கடிதம், இங்கே வண்டியின் வயதுக்கு ஏற்ற ஆயுட்கால வரி, அங்கே கட்டிய வரியில் மிச்சத்தைத் திரும்ப வாங்க இன்னொரு அலைச்சல். குறைந்த விலை இதிலேயே போய்விடும், நம்பர் மாறாத வண்டிக்கு க்ளெய்ம் வரும்போது கேள்வி மேல் கேள்வி வரும். கிருஷ்ணகிரியின் டி.என். 24, தர்மபுரியின் டி.என். 29, ஓசூரின் டி.என். 70, இந்த மூன்றில் ஒன்றாகப் பாருங்கள், முடிந்தால் முதல் உரிமையாளர், முடிந்தால் தெரிந்தவருக்குத் தெரிந்தவர்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியா என்று கட்டாயம் பாருங்கள். 2015லும் 2023லும் சென்னையில் மூழ்கிய வண்டிகள் கழுவித் துடைத்து உள் மாவட்டங்களுக்குத்தான் வந்தன. அவ்வளவு தூரம் கூடப் போக வேண்டாம், 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை கொட்டி ரோட்டோரம் நின்ற வேன்களும் கார்களும் வெள்ளத்தில் உருண்டு போனதை எல்லோரும் செல்போனில் பார்த்தோம். அப்படிப்பட்ட வண்டியைக் கண்டுபிடிக்க மெக்கானிக் தேவையில்லை. சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுங்கள், உள்ளே இருக்கிற பகுதியில் சேற்றுக் கறை இருக்கும், அதை யாரும் கழுவுவதில்லை. ஸ்டெப்னி வைக்கிற குழியில் விரிப்பைத் தூக்கிப் பாருங்கள், சீட் ஓடுகிற தண்டவாளத்தில் துரு பாருங்கள், ஜன்னல்களை அடைத்துப் பத்து நிமிடம் வெயிலில் நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்தால் ஈர வாசனை வருகிறதா என்று பாருங்கள். தேர்ட் பார்ட்டி மட்டும் உள்ள காருக்கு வெள்ளச் சேதத்துக்கு ஒரு பைசா வராது, இதையும் சேர்த்தே சொல்லிவைக்கிறேன்.

பேப்பர் விஷயம். ஆர்.சி. பெயர் மாற்றுவதோடு, வண்டி கைமாறிய 14 நாளுக்குள் இன்சூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுங்கள். தேர்ட் பார்ட்டி தானாக உங்களோடு வந்துவிடும், சொந்தச் சேதத்துக்கான பகுதி வராது. விற்றவருடைய நோ க்ளெய்ம் போனஸ், அதாவது க்ளெய்ம் கேட்காத வருடங்களுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கிற தள்ளுபடி, அவருடையது, வண்டியோடு வராது, அதனால் பிரீமியத்தில் அந்த வித்தியாசத்தை நீங்கள் கட்ட வேண்டியிருக்கும், அதையும் விலையில் கணக்குப் பண்ணிக்கொள்ளுங்கள்.

வாங்கிய பிறகு கார் சும்மா நிற்கும், அதுவும் ஒரு செலவு. வாரத்துக்கு ஒரு தடவையாவது பத்து கி.மீ. ஓட்டாவிட்டால் பேட்டரி இறங்கும். கிராமத்தில் எலி வயரைக் கடிக்கும், இதை யாரும் வாங்கும்போது சொல்வதில்லை, ஆனால் நம் பக்கத்து ஷெட்டுகளில் எலி கடித்த ஒயரிங் வேலை வராத வாரம் இல்லை. நெல் மூட்டை, மாட்டுத் தீவனம் இருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் நிறுத்தாதீர்கள், பானட்டை வாரம் ஒரு தடவை திறந்து பாருங்கள்.

எல்லோருக்கும் இதே பதில் பொருந்தாது. தர்மபுரி டவுனுக்குள்ளேயே வீடும் வேலையும் என்றால் ஒரு ஸ்கூட்டர் போதும், காரை நான்கு ரோடு பக்கம் எடுத்துப் போய் இடம் தேடுகிற நேரத்தில் நடந்தே போய்விடலாம். மின்சார ஸ்கூட்டரும் அவர்களுக்குத்தான் சரி, வீட்டிலேயே சார்ஜ் போட்டுக்கொள்ளலாம். அவற்றில் பல நம் ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் தயாராகின்றன, ஆனால் நெடுஞ்சாலை வேகத்தில் ஓட்டினால் சொன்ன தூரம் வராது. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கம் ராத்திரியில் போய் வருகிறவர் யானைக்காகவே பைக்கைத் தவிர்க்க வேண்டும், வளைவில் திரும்பும்போது எதிரே நின்றால் பைக்கில் திருப்பவும் நேரம் இருக்காது. தக்காளி, மாம்பழ வியாபாரத்துக்காக ராயக்கோட்டை, பாலக்கோடு என்று தினம் சுற்றுகிறவருக்குக் காரும் பைக்கும் இரண்டுமே பத்தாது, அவர் கேட்க வேண்டிய கேள்வியே வேறு.

உங்களுக்கு வேண்டிய அடுத்த வேலை லைசென்ஸ். பைக் லைசென்ஸ்தான் இருக்கிறது என்றீர்கள். கார் பார்க்கத் தொடங்கும் முன்பே எல்.எல்.ஆர்., அதாவது பழகுநர் லைசென்ஸ், போட்டுவிடுங்கள், போட்டு 30 நாள் கழித்துத்தான் டெஸ்டுக்குப் போக முடியும், அது ஆறு மாதம் செல்லும். டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தால் மெயின் ரோட்டில் ராத்திரி ஒரு தடவையாவது ஓட்ட வைக்கச் சொல்லிக் கேளுங்கள், பகலில் கற்றுக்கொண்டு முதல் தடவையாக ராத்திரியில் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டி வந்தால் சிரமம். உங்கள் மனைவிக்கும் சேர்த்தே போடுங்கள், நீங்கள் ஷிப்டில் இருக்கும்போது பையனுக்குக் காய்ச்சல் வந்தால் காரை எடுக்க வீட்டில் ஒருவர் வேண்டும். வண்டி பார்க்கப் போகும்போது அம்மாவையும் கூட்டிப் போய் முன் சீட்டில் ஏறி இறங்கச் சொல்லிப் பாருங்கள். மூட்டு வலிக்காரர்களுக்கு ஆல்டோ மாதிரி தாழ்வான சீட்டில் இருந்து எழுவது கஷ்டம், வேகன் ஆர் மாதிரி உயரமான வண்டி சுலபம். இரண்டு வண்டி விலையிலும் ஒன்றாக வந்தால் அம்மாவுக்கு எது சுலபமோ அதை எடுங்கள்.